'சேஜ' என்னும் சொல்லும் தவறிப்போன ஒரு கப்பலும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி-பிசாவு நாட்டிலிருந்து எங்கள் அண்டி ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. அண்டி ஆபீஸ் என்பது முந்திரிப்பருப்பு ஆலை. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரையிலும், எல்லையைத் தாண்டிக் கொல்லம் வரையிலும் அதற்கு இந்தப் பெயர்தான். நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். உள்ளூரில் விளையும் அண்டி எங்கள் ஆலைகளுக்குப் போதாது. ஆகவே உடைக்காத தோட்டண்டி, கினி-பிசாவு, மொசாம்பிக் முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்குகிறது. அவ்விரு நாடுகளும் 1970களின் நடுவில் போர்ச்சுகலின் ஆட்சியிலிருந்து விடுபட்டவை. ஆட்சிமொழியாகப் போர்த்துகீசியத்தை இன்றும் வைத்திருப்பவை. பிரேசில் நாட்டு மரமாகிய முந்திரியை 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்களும் போர்த்துகீசியரே என்பதால், கடிதம் அந்த மொழியில் வந்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

அக்கடிதத்தில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: 'பெதீமுஷ் கெ உ பகமேந்து சேஜ ஃபெய்து ஆந்தெஷ் கெ உ நவீயு சாய தெ பிசாவு.' (தமிழ் எழுத்தில் நான் எழுதுவது ஏறத்தாழ லிஸ்பன் ஒலிப்பு. அவர்களுடைய மூக்கொலிகள் நம் எழுத்துக்குள் சரியாக அடங்குவதில்லை.) வழக்கமாக இத்தகைய கடிதங்களைத் தூத்துக்குடியிலுள்ள தரகர் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவார். அன்று அவர் ஊரில் இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் நான்கு மாதம் போர்த்துகீசியம் படித்திருந்த நான், பெருமைக்கு ஆசைப்பட்டு, நானே படித்துச் சொல்கிறேன் என்று முதலாளியிடமிருந்து கடிதத்தை வாங்கினேன்.

'பகமேந்து' என்றால் பணம் செலுத்துதல். 'ஃபெய்து' என்றால் செய்யப்பட்டது. 'ஆந்தெஷ்' என்றால் முன்பு. 'நவீயு' என்றால் கப்பல். இவை எனக்குத் தெரிந்திருந்தன. 'பெதீமுஷ்' என்பதற்கு 'கேட்கிறோம்' என்றும் பொருள் உண்டு, 'கேட்டோம்' என்றும் பொருள் உண்டு. அந்த வகை வினைகளில் 'நாங்கள்' வடிவம் இரண்டு காலத்துக்கும் ஒன்றே. நான் 'கேட்டோம்' என்று எடுத்துக்கொண்டேன். 'சாய' என்பதில் இகரத்தின் மேல் ஓர் அழுத்தக்குறி இருந்திருந்தால் அது 'புறப்பட்டுக்கொண்டிருந்தது' என்றாகியிருக்கும். இல்லாத குறியை நானே மனத்தில் இட்டுப் படித்தேன். 'சேஜ' என்ற சொல்லை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. தெரியாத சொல் ஒன்றுதானே என்று தாண்டிவிட்டேன். 'கேட்டோம், கப்பல் புறப்படுமுன் பணம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள்' என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மையில் அவர்கள் எழுதியிருந்தது: 'கப்பல் பிசாவை விட்டுப் புறப்படுமுன் பணத்தைச் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

பாக்கிப் பணம் போகவில்லை. எங்கள் சரக்கை ஏற்றாமலே கப்பல் புறப்பட்டது. அடுத்த கப்பல் வரும்வரை அண்டி உடைக்கும் பெண்களுக்கு வேலையில்லாமல் இரண்டு வாரத்துக்கும் மேல் கடந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. 'தெரியல்லேண்ணா தெரியல்லேண்ணு சொல்லியிருக்கலாமே பிள்ளே' என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், மொசாம்பிக்கில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வந்து ஓய்வில் இருக்கும் அச்சன் (பாதிரியார்) ஒருவர் உண்டு. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். 'சேஜ' என்ற சொல்லின்கீழ்ப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, 'மக்களே, பரலோக மந்திரம் சொல்லு' என்றார். செய்த பிழைக்குத் தவமாக, இயேசு கற்பித்த அந்தச் செபத்தைச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்துத் தொடங்கினேன். 'உமது ஆட்சி வருக' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். என் அம்மா மலையாளப் பூசைக்குப் போகிறவர் என்பது அவருக்குத் தெரியும். 'அம்மா எப்படிச் சொல்லுவா?' 'அங்ஙயுடெ ராஜ்யம் வரணமே.' 'போர்த்துகீசியன் எப்படிச் சொல்லுவான் தெரியுமா? வேஞ அ நோஷ் உ வோஸு ரெய்னு. நீ சொன்ன வருகவும் அவ சொன்ன வரணமேயும் அவனுக்கு வேஞ. உனக்குப் பிடிபடாத சேஜ இதிலேயே அடுத்த வரியில இருக்கு, சேஜ ஃபெய்த அ வோஸ வொந்தாத், உமது திருவுளம் நிறைவேறுக. சேஜ ஃபெய்து என்றா செய்யப்படுக. செய்யப்பட்டது இல்ல.'

இந்த வடிவத்துக்குப் போர்ச்சுகலில் 'பிரெஸேந்தெ து கொன்ஜுந்தீவு' என்று பெயர். பிரேசிலில் 'சுப்ஜுந்தீவு' என்பார்கள். வாய்பாட்டில் இதைப்போல எளிய பகுதி அந்த மொழியில் குறைவு. நிகழ்காலத்தில் 'நான்' என்பதற்குரிய வடிவத்தை எடுத்து, கடைசி உயிரைக் கழற்றிவிட்டு, வேறோர் உயிரைப் பூட்ட வேண்டும். 'ஆர்' என்று முடியும் வினைகள் எகரத்தை வாங்கும். 'ஏர்', 'ஈர்' என்று முடிபவை அகரத்தை வாங்கும். ஃபாலார் (பேசு) என்பதில் 'ஃபாலு' நான் பேசுகிறேன், 'ஃபால' அவர் பேசுகிறார், 'ஃபாலெ' அவர் பேசுக. கொமேர் (உண்) என்பதில் 'கோமெ' அவர் உண்கிறார், 'கோம' அவர் உண்க. ஒரு குடும்பத்துக்கு இயல்பான உயிரை மற்றக் குடும்பம் எடுத்துக்கொள்கிறது. சம்பந்தி வீட்டார் பலகாரம் மாற்றிக்கொள்வதைப் போல என்றார் அச்சன். 'நான்' வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இதில் முதன்மையானது. 'தேஞு' (எனக்கு உண்டு) என்பதிலிருந்து 'தேஞ', 'ஃபாஸு' (செய்கிறேன்) என்பதிலிருந்து 'ஃபாஸ', 'தீகு' (சொல்கிறேன்) என்பதிலிருந்து 'தீக', 'போஸு' (என்னால் முடியும்) என்பதிலிருந்து 'போஸ' என்று, ஒழுங்கற்றவையாகத் தோன்றும் வினைகளும் இந்த வழியில் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

வராதவை ஏழு. சேஜ (ஆகுக), எஷ்தேஜ (இருக்க), ஆஜ (உண்டாகுக), வா (போக), சாய்ப (அறிக), கெய்ர (விரும்புக), தே (தருக). இவற்றுள் ஆறின் 'நான்' வடிவம் மற்ற வினைகளைப் போல வெறும் உகரத்தில் முடிவதில்லை. கழற்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கெய்ர மட்டும் காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிறது. தமிழ்க் காதுக்கு இந்தப் பட்டியலில் வேறொரு தொல்லை. நாம் 'வா' என்று அழைத்தால் போர்த்துகீசியர் போய்விடுவார்! பர்த்தீர் (கிளம்பு) என்ற வினையில் 'நான் கிளம்புகிறேன்' என்பது 'பார்த்து', கொன்ஜுந்தீவு வடிவம் 'பார்த்த'. இதைச் சொல்லிக்கொடுத்த நாளில் அச்சன் என்னை வழியனுப்பும்போது 'பார்த்து, பார்த்து' என்றார். கவனமாகப் போகச் சொன்னாரா, தாமே கிளம்புகிறேன் என்றாரா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

வடிவம் ஒரு வாரத்தில் பிடிபட்டது. எங்கே அதைப் பயன்படுத்துவது என்பது பிடிபட ஓராண்டு ஆயிற்று. நான் படித்த ஆங்கில வழிப் பாடங்கள் எல்லாமே 'ஐயம் இருந்தால், விருப்பம் இருந்தால், உணர்ச்சி இருந்தால்' என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, அதன்பின் விதிவிலக்குகளை அடுக்கின. ஆங்கிலத்தில் இந்த வடிவம் பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டது. தன்னிடம் இல்லாத பொருளை விளக்க முற்படுபவரின் தடுமாற்றம் அந்தப் பாடங்களில் தெரிந்தது. ஐயம் என்ற விளக்கம் முதல் மழைக்கே தாங்கவில்லை. 'எம்போர ஷோவ' என்றால் 'மழை பெய்தாலும்' என்று பொருள். சன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும், ஓர் ஐயமும் இல்லாதபோதும், 'எம்போர' வந்தால் 'ஷோவெ' வராது, 'ஷோவ' தான் வரும். 'அவர் வராதது வருத்தம்' என்பதற்கும் அப்படியே: 'எ பேன கெ ஏலெ நவுங் வேஞ'. அவர் வரவில்லை என்பது உறுதி; இருந்தும் 'வேஞ'.

ஒருநாள் கணக்கேட்டின் பின்பக்கத்தில் இந்த வாக்கியங்களையும் அவற்றின் தமிழையும் எதிரெதிரே எழுதிக்கொண்டிருந்தபோதுதான் தமிழ்ப் பக்கத்தில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஆந்தெஷ் கெ சாய: புறப்படுமுன். பர கெ சாய: புறப்படும்படி. செய்ங் கெ சாய: புறப்படாமல். எம்போர சாய: புறப்பட்டாலும். எ பேன கெ சாய: புறப்படுவது வருத்தம். போர்த்துகீசியப் பக்கத்தில் ஒரே 'சாய'. தமிழ்ப் பக்கத்தில் ஐந்து வேறு வடிவங்கள், ஆனால் ஐந்தில் ஒன்றுகூட வினைமுற்று இல்லை. எல்லாம் எச்சமாகவோ தொழிற்பெயராகவோ நிற்கின்றன. தமிழில் ஒரு செய்தியை 'இது இப்படி' என்று கூறி முடிப்பது முற்று. கூறி முடிக்காமல் இன்னொரு வினைக்குத் துணையாகவோ இன்னொரு கருத்துக்குப் பொருளாகவோ வைக்கும்போது நாம் முற்றைத் தொடுவதில்லை. 'மழை பெய்தாலும் வேலை நடக்கிறது' என்று சொல்பவர் மழையைப் பற்றி எதையும் அறிவிக்கவில்லை. வேலையைப் பற்றியே அறிவிக்கிறார். போர்த்துகீசியருக்கு இந்த இடங்களில் நம்மைப்போல எச்சத்தை அடுக்கும் பழக்கம் குறைவு. எழுவாயும் காலமும் இடமும் காட்டும் முற்றையே அங்கும் நிறுத்துகிறார்கள். அது அறிவிப்பு அன்று என்பதைக் காட்டக் கடைசி உயிரை மாற்றிவிடுகிறார்கள். முற்றின் உடையில் வந்து எச்சத்தின் வேலையைச் செய்வது கொன்ஜுந்தீவு. சேர்ந்து நிற்பது என்பதுதான் அப்பெயரின் பொருளும். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டேன். கணக்கேட்டில் அந்த ஆண்டு ஒரு தாள் குறையும்.

தனித்து நிற்கும் வாக்கியத்தில் இந்த வடிவம் வந்தால், அது நம் வியங்கோள். பள்ளியில் வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று நான்கு பொருள் படித்தோமே, நான்கும் இங்கு உண்டு. 'வீவ' என்றால் வாழ்க. மரியாதையாக ஒருவரை வரச் சொன்னாலும், யாரையும் எதையும் செய்ய வேண்டாம் என்று தடுத்தாலும் இதே வடிவம்தான். 'ஒஷலா நவுங் ஷோவ' என்றால் மழை பெய்யாதிருக்கட்டும். 'ஒஷலா' என்பது இறைவன் நாடினால் என்னும் அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் என்பதைப் பூவாறு கடற்கரையைச் சேர்ந்த எங்கள் லாரி ஓட்டுநரிடம் சொன்னபோது, அவர் அதை அன்றே கற்றுக்கொண்டுவிட்டார். வியங்கோளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வருக என்பது மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது. கொன்ஜுந்தீவு ஆளுக்கேற்ப மாறும். ஆனாலும் 'நான்', 'அவர்' என்ற இரண்டுக்கும் அதில் ஒரே வடிவம். எங்களைப்போல எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமான குழப்பமே. 'வந்தேன், வந்தாய், வந்தார்' என்று தமிழில் பிரித்துவிட்டு, அடுத்த மூச்சில் எல்லாருக்கும் சேர்த்து 'வந்நு' என்று மலையாளத்தில் முடித்துவிடுகிறோம்.

தமிழ் கைகொடுக்காத இடத்தையும் சொல்ல வேண்டும். 'என்று' என்ற சொல்லுக்கு முன் நாம் எந்த முற்றையும் தயங்காமல் வைக்கிறோம். 'வருவார் என்று நினைக்கிறேன்', 'வருவார் என்று நினைக்கவில்லை': இரண்டிலும் 'வருவார்' தான். போர்த்துகீசியத்தில் முதலாவது 'ஆஷு கெ வெய்ங்', இரண்டாவது 'நவுங் ஆஷு கெ வேஞ'. நினைப்பை மறுத்தவுடன் உயிர் மாறுகிறது. 'வரும் என்று எதிர்பார்க்கிறோம்' என்பதற்கும் கொன்ஜுந்தீவு வேண்டும். 'வரும் என்று தெரியும்' என்பதற்கு வேண்டாம். 'போர்த்துகீசியம் தெரிந்த ஒருவர் வேண்டும்' என்பதில் 'சாய்ப', 'போர்த்துகீசியம் தெரிந்த ஒருவரை அறிவேன்' என்பதில் 'சாபெ'. தேடப்படுபவர் இன்னும் எவர் என்று தெரியாதவர், அறியப்பட்டவர் கண்முன் இருப்பவர். தமிழில் 'தெரிந்த' என்ற ஒரே பெயரெச்சம் இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. இவற்றை நான் மனப்பாடம் செய்தேன். வேறு வழி தெரியவில்லை. 'ஒருவேளை' என்னும் 'தல்வேஷ்' வினைக்கு முன்னால் வந்தால் கொன்ஜுந்தீவு, பின்னால் வந்தால் சாதாரண வடிவம் என்பதையும் அப்படியே.

வேண்டும் என்பதற்கும் நம்புகிறேன் என்பதற்கும் இடையேயுள்ள இந்த வேலி, எங்கள் கடற்கரையில் முன்பே ஒருமுறை பெரிய பிழைக்கு இடமாகியிருக்கிறது. 1540களில் பிரான்சிசு சவேரியார் முத்துக்குளித்துறையிலும் எங்கள் திருவிதாங்கூர்க் கரையிலும் போதித்தபோது, துணையாளர்களைக் கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று போட்டுவிட்டார்கள். பின்னர் அது புரிந்து, வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள், இனி அப்படிச் சொல்லாமல் விசுவாசம் என்ற சொல்லையே சொல்லும்படி, தம் தோழர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்குச் சவேரியார் கடிதம் எழுதினார். போர்த்துகீசியத்தில் 'விரும்புகிறேன்' என்பதைத் தொடர்ந்து வரும் வினை உயிர் மாறும். 'விசுவசிக்கிறேன்' என்பதைத் தொடர்ந்து வருவது மாறாது. இந்தக் கதையை அச்சன் சொன்னபோது, கப்பலைத் தவறவிட்ட என் குற்றவுணர்வு சற்றுக் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே காலத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் எதிர்த்திசையில் இதே பாட்டைப் பட்டிருக்கிறார். தமிழ் வினைகளை இலத்தீன் இலக்கணத்தின் அறைகளுக்குள் அடுக்கிப் போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அன்று தமிழுக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'மலபார் மொழி'. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் கிறித்தவப் போதனை நூல், போர்த்துகீசியத்திலிருந்து அவர் தமிழாக்கியது. பாறசாலை நிலையத்தில் காலை ரயிலில் ஏறினால் உச்சிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் அந்தக் கொல்லத்திற்கு நான் எத்தனையோ முறை அண்டிக் கணக்குக்காகப் போயிருக்கிறேன். இது தெரியாமலே போயிருக்கிறேன். அவர்கள் விட்டுச்சென்ற சன்னல், மேசை, சாவி, அலமாரி, மேஸ்திரி எல்லாம் எங்கள் ஆலையில் நாள்தோறும் புழங்குகின்றன. பெயர்ச்சொற்கள் தங்கிவிட்டன, வினைகளின் நுட்பம் எதுவும் தங்கவில்லை.

இன்னொரு பொறியைப் பற்றி ஒரு சொல். 'கப்பல் வரும்போது' என்று வரப்போவதைச் சொல்ல 'குவாந்து' என்ற சொல்லை இட்டால் அங்கே 'ஷேகெ' (வந்து சேர்க) வராது. அதற்கு எதிர்காலக் கொன்ஜுந்தீவு என்று தனி வடிவம் ஒன்று இருக்கிறது. 'வந்தால்' என்பதிலுள்ள 'ஆல்' பொருளைத் தரும் 'சே' என்ற சொல்லுக்கும் அப்படியே. எங்கள் ஒப்பந்தங்களில் வரும் 'காஸு' என்ற சொல் மட்டும், அதே பொருளைத் தந்தாலும், நிகழ்காலக் கொன்ஜுந்தீவையே கேட்கிறது: 'காஸு அ குவலிதாத் சேஜ இன்ஃபெரியோர்', தரம் குறைந்திருக்குமாயின். 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு தேற வேண்டும், தேறாவிட்டால் விலை குறையும் என்னும் வாசகம் இதில்தான் தொடங்கும். என் வேலையில் நான் அதிகம் காணும் கொன்ஜுந்தீவு இதுவே. இதில் தவறினால் காசு போகும்.

இந்த ஆண்டு பிசாவுக்குப் போன கடிதத்தை நான் எழுதினேன். மழை தொடங்குமுன் கப்பல் வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதுதான் செய்தி. 'எஷ்பெராமுஷ் கெ உ நவீயு ஷேகெ' என்பது வரை அச்சன் தலையசைத்துக்கொண்டே படித்தார். அடுத்து, மழை தொடங்குமுன் என்பதில் 'கொமேஸம்' என்ற வடிவத்தை எழுதியிருந்தேன். பென்சிலை எடுத்து அந்த அகரத்தை எகரமாக மாற்றினார். பிறகு, 'எந்த ஊர் மழை மக்களே, அங்க உள்ளதா இங்க உள்ளதா?' என்று கேட்டார். இரண்டு கரையிலும் ஏறக்குறைய ஜூன் மாதத்தில்தான் மழை பிடிக்கிறது என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று கடிதத்தை மடித்துத் தந்தார்.